நாளைக்கு எத்தனை இலை?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு முறையாவது என்னை அழைத்து, காரைக்குடிப் பக்கம் வருகிறோம், எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று கேட்பது வழக்கம். பல ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு என்னிடம் மனப்பாடமான விடை ஒன்று இருந்தது. காலைப் பலகாரத்துக்கு இன்ன கடை, மதியத்துக்கு இன்ன மெஸ், மாலையில் வெள்ளைப் பணியாரத்துக்கு இன்ன தெருமுனை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். கேட்டவர்கள் குறித்துக்கொள்வார்கள். அவர்கள் போய்ச் சாப்பிட்டார்களா, சாப்பிட்டது நன்றாக இருந்ததா என்று நான் திரும்பக் கேட்டதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்துப் பகலில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிக்குப் பிறகு அந்த விடையை என்னால் சொல்ல முடியவில்லை. விடை தவறு என்பதைவிட, கேள்வியையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடாமல் தொடர்கிறது.

பெரியம்மா மகன் அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணி, இரண்டு பிள்ளைகள், அண்ணியின் தாயார், என்னையும் சேர்த்து ஆறு பேர். விடியற்காலையில் பிள்ளையார்பட்டி, அங்கிருந்து ஆத்தங்குடியில் பூக்கல் வார்க்கும் பட்டறை, பிறகு கானாடுகாத்தான் வீடுகள் என்று சுற்றிவிட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தவர்கள் வெளியே வர மனமில்லாமல் நின்றுவிட்டார்கள். மணி இரண்டாகிவிட்டது. வெயில் தலையைப் பிளந்தது. அண்ணி நண்டு சாப்பிட வேண்டும் என்று ஊரிலிருந்து புறப்படும்போதே சொல்லியிருந்தார். நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கும் அந்த மெஸ்ஸுக்கே அழைத்துப் போனேன். ஆறு மேசை, சுவரில் ஒரு கரும்பலகை, உள்ளே அடுப்படியில் ஓர் அக்காவும் உதவிக்கு இரண்டு பெண்களும். அவ்வளவுதான் கடை.

“நண்டும் இல்ல, மீனும் இல்ல தம்பி. கருவாட்டுக் குழம்பு இருக்கு. உப்புக்கண்டம் ரெண்டு பேருக்கு வரும். சோறு, ரசம், வெண்டிக்கா மண்டி எல்லாம் இருக்கு” என்றார் அக்கா. அண்ணியின் முகம் வாடியது. கருவாட்டின் வாசமே பிள்ளைகளுக்கு ஆகாது என்றார். தர்மசங்கடத்தில், பரவாயில்லை அக்கா, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நாங்கள் படியிறங்கும்போது அக்கா பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து, “நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏதாச்சும் செஞ்சு வச்சிருப்பேனே தம்பி” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பசியோடு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிறோமே என்ற வருத்தம் மட்டுமே அதில் இருந்தது.

அங்கிருந்து சாலையோரத்துப் பெரிய உணவகம் ஒன்றுக்குப் போனோம். குளிரூட்டிய அறை, எட்டுப் பக்கத்துக்கு உணவுப் பட்டியல். நண்டு மசாலா உண்டு, வஞ்சிரம் வறுவல் உண்டு, சுறாப்புட்டு உண்டு, இறால் தொக்கு உண்டு. எதைக் கேட்டாலும் உண்டு. எல்லாம் பத்து நிமிடத்தில் வந்தன. சாப்பிட்டுப் பார்த்தால் நண்டும் இறாலும் கோழியும் ஒரே குழம்பில் நனைந்து வந்தவை போல ஒரே சுவையாக இருந்தன. கல்பாசியும் மராட்டி மொக்கும் மூக்கில் ஏறின. அண்ணனின் மகள் ஒரு நண்டுக்காலை உடைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை சித்தப்பா என்று இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். அண்ணன் என் மனம் நோகக் கூடாது என்று நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நான் பேசாமல் சாப்பிட்டு முடித்தேன். அக்கா வாசலில் நின்று சொன்ன வார்த்தை அன்று இரவு முழுவதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடல் மூடிய மாதங்கள்

செட்டிநாட்டில் வாழ்கிறவர்கள் தங்களைக் கடலோரத்து மனிதர்களாக நினைத்துக்கொள்வதில்லை. கண்மாயும் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான் எங்களுக்குத் தெரிந்த நிலம். ஆனால் தேவகோட்டையைத் தாண்டித் திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் தொண்டி. வடகிழக்கே அறந்தாங்கியைக் கடந்தால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கடலை விட்டு இங்கே வந்தவர்கள் என்று இந்த ஊர் வணிகக் குடிகளான நகரத்தார் தங்கள் மரபைச் சொல்வார்கள். கடலுக்கு எட்டாத மேட்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டாலும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். அடுப்படியும் அந்தக் கடலை விடவில்லை. நண்டு ரசமும் சுறாப்புட்டும் இல்லாமல் இந்த ஊர்ச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா?

நான் மறந்துபோனது, அந்தக் கடலுக்கு ஒரு நாட்காட்டி உண்டு என்பதை. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது. 2017-லிருந்து 61 நாளாக நீட்டினார்கள். அந்த மாதங்களில் கரையோரமாக வலை விரிக்கும் நாட்டுப்படகு மீன் மட்டுமே நம் பக்கத்துக் கடலிலிருந்து வரும், அதுவும் குறைவு. தடை இல்லாத மாதங்களிலும் பாக் நீரிணைப் பகுதியில் ஒரு முறை உண்டு. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் போகும். மற்ற நான்கு நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஆகவே காரைக்குடியில் ஒரு மேசையின் முன் உட்கார்ந்து மீன் கேட்பவர், தொண்டிக் கரையில் நேற்று எந்தப் படகின் முறை என்பதையும் சேர்த்தே கேட்கிறார்.

நாங்கள் போனது தடைக்காலத்தின் நட்ட நடுவில். அக்கா மீன் இல்லை என்றதற்குக் காரணம் அதுதான். அப்படியென்றால் அந்தப் பெரிய உணவகத்துக்கு வஞ்சிரமும் நண்டும் எங்கிருந்து வந்தன? மே மாதத்தில் மேற்குக் கடற்கரை மூடியிருக்காது. கேரளத்திலிருந்து பனிக்கட்டியில் வந்திருக்கலாம். குளிர்ப்பெட்டியில் எத்தனையோ நாளாகக் கிடந்ததாகவும் இருக்கலாம். கேரளத்து மீனைச் சமைப்பது குற்றமில்லை. ஆனால் செட்டிநாட்டுச் சாப்பாடு என்று பெயர்ப்பலகை வைத்துவிட்டு, இந்த மண்ணும் இந்தக் கடலும் இந்த வாரம் என்ன கொடுத்தன என்பதற்குத் துளியும் தொடர்பில்லாமல் எட்டுப் பக்கப் பட்டியலை ஆண்டு முழுவதும் அப்படியே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைவிட என்னை வருத்தியது, உண்மையைச் சொன்ன கடையிலிருந்து எழுந்து, எதற்கும் இல்லை என்று சொல்லாத கடைக்கு விருந்தாளிகளை அழைத்துப் போனவன் நானே என்பது.

சிட்டை

பத்து நாள் கழித்து அக்காவுக்கு முந்தின நாள் மாலையே பேசி, நாளை மதியம் நான் மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். போனபோது எனக்கென்று இலை போட்டு வைத்திருந்தார். அன்றும் மீன் இல்லை. நெத்திலிக் கருவாட்டில் மொச்சையும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு, மாவற்றல் சேர்த்த கீரை மண்டி, மிளகு தூக்கலாக ஒரு ரசம், உப்புக்கண்டத்தை நல்லெண்ணெயில் பொரித்து நாலு துண்டு, கடைசியில் கிண்ணத்தில் கவுனி அரிசி. வற்றலும் கருவாடும் உப்புக்கண்டமும் இந்த ஊர் வெயிலில் காய்ந்தவை. கோடை முழுவதும் வளவு முற்றத்தில் பாயை விரித்து எங்கள் வீட்டுப் பெண்கள் எதையாவது காயப்போட்டுக்கொண்டே இருந்ததை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கடல் மூடியிருக்கும் மாதங்களுக்கான சாப்பாட்டை வெயில் முன்கூட்டியே செய்து வைத்துவிடுகிறது என்பது அன்றைக்கு அந்த இலையின் முன் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அண்ணி அன்று வேண்டாம் என்றது, மே மாதத்தில் இந்த ஊரில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த சாப்பாட்டை.

கூட்டம் கலைந்த பிறகு அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் நீளவாக்கில் மடித்த ஒரு பழைய நோட்டு. அது என்ன என்று கேட்டேன். “சிட்டை தம்பி” என்று என் பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு தேதி. கீழே வரிசையாக, வங்கி மேலாளர் 2, லாரி செட்டு 5, கல்லூரி வாத்தியார் 1 என்று பென்சிலில் எழுதியிருந்தது. அன்றைய பக்கத்தில் என் பெயருக்கு எதிரே 1. முந்தின நாள் இரவே சொன்னவர்களின் கணக்கு அது. அதற்கு மேல் பத்து இலைக்குத் தோராயமாக வைத்துக்கொள்வாராம், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவராகவே சொன்னார். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் 16 ஆண்டுகள் சமையலுக்கு இருந்திருக்கிறார். விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து அந்த வீட்டு ஆச்சி பட்டாலையில் வந்து உட்கார்ந்து, தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாராம்: நாளைக்கு எத்தனை இலை? வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான் என்றாலும் கேட்பாராம். கணக்குப் பிள்ளையிடமும் கேட்பாராம், காரோட்டியிடமும் கேட்பாராம். எண்ணிக்கை முடிவானால்தான் எத்தனை படி அரிசி, கவுனியை ஊறவைப்பதா வேண்டாமா, பணியாரத்துக்கு நனைப்பதா, கோழிக்காரனுக்குச் சொல்லி அனுப்புவதா என்பதெல்லாம் முடிவாகும். ஆச்சி இறந்த பிறகு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீடு பூட்டப்பட்டது. அக்கா அங்கே புழங்கிய இரண்டு வெண்கலப் பானைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து இந்த மெஸ்ஸைத் தொடங்கினார். “ஆச்சி கேட்ட கேள்விய இப்ப நானே என்னயக் கேட்டுக்கிறேன்” என்றார்.

அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சில நிமிடங்களில், பல ஆண்டுகளாக நான் ஒப்பித்துவந்த பட்டியல் எனக்குப் பொருளற்றதாகிப் போனது. இந்தச் சமையலில் பாதி உணவுகள் முந்தின இரவில் தொடங்குகின்றன. பர்மாவிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கவுனியை இரவு முழுவதும் ஊறவைக்காமல் எந்த நெருப்பாலும் மெதுவாக்க முடியாது. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியையும் உளுந்தையும் நனைத்து, பொங்கப் பொங்க ஆட்டி, மாவு புளிப்பதற்கு முன்னாலேயே எண்ணெயில் ஊற்றிவிட வேண்டும். மிஞ்சிய மாவு மறுநாளைக்கு உதவாது. மண்டிக்கு அரிசி களைந்த கழுநீர் வேண்டும். சோறு எவ்வளவோ அவ்வளவுதான் கழுநீர். காரைக்குடியில் பங்களா என்ற விடுதியில் இலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும்படி கேட்கிறார்களே, அதைப் பணக்காரர்களின் பகட்டு என்று நான் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. இங்கே ஒரு விடுதியும் ஒரு சந்துக்கடையும் ஒரே முறையைத்தான் கடைப்பிடிக்கின்றன. இரண்டும் வீட்டுச் சமையலிலிருந்து வந்தவை. வீட்டுக்கு வருகிறவர் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

நண்டைப் பற்றியும் கேட்டேன், அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால். தொண்டிப் பக்கத்து ஆழமில்லாத கடலில், தாழை என்று மீனவர்கள் சொல்லும் கடற்புல் படர்ந்த இடங்களில் கிடைக்கும் நீலக்கால் நண்டைத்தான் அவர் வாங்குவது. நல்ல நண்டில் பெரும்பகுதி சதையெடுக்கும் நிறுவனங்களுக்குப் போய் அங்கிருந்து ஏற்றுமதியாகிவிடும், மிச்சத்தில்தான் நமக்கு. அதிலும் பௌர்ணமியை ஒட்டி வாங்கினால் உள்ளே சதை இருக்காது, தண்ணீராக இருக்கும் என்பது அவருடைய கணக்கு. வயிற்றுப் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, அமுங்கினால் வைத்துவிடுவாராம். “அந்த நண்ட வாங்குனா மசாலாவக் கூட்டித்தான் ஆகணும். வெறும் கூட்டுக்கு மசாலா போட்டு விக்க எனக்கு மனசு வராது” என்றார். அண்ணன் மகள் இலையோரத்தில் ஒதுக்கி வைத்த அந்த நண்டுக்கால் என் கண்ணில் வந்து நின்றது. செட்டிநாடு என்றாலே நாக்கு எரியும் காரம் என்று ஊரெல்லாம் பரவிவிட்ட எண்ணத்தில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு. எங்கள் ஆத்தா மீன் குழம்புக்குப் பட்டை, கிராம்பு எதையும் தொடமாட்டார். சின்ன வெங்காயம், பூண்டு, புளி, கொஞ்சம் வெந்தயம், அவ்வளவுதான். மீன் நன்றாக இருந்தால் அதற்கு மேல் எதற்கு?

தொண்டிக் கரையில்

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய ஜூன் கடைசியில், அக்காவின் தம்பி மகனோடு குட்டியானை வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். விடிவதற்குள் தேவகோட்டையைத் தாண்டிவிட்டோம். தொண்டியில் இறங்கியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அலை என்று சொல்லத்தக்க அலையே இல்லாத, குளம் போன்ற கடல். ஏலம் கூவிக்கொண்டிருந்தார்கள். நண்டுக் கூடைகள் முதலில் எடைக்குப் போயின. எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் அங்கே தேடினேன். வஞ்சிரம் ஒன்றிரண்டு இருந்தது, அந்தத் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குவியலாகக் கிடந்த காரலில் ஒரு கூடை, செக்கச்செவேலென்று நகரை அரைக்கூடை, அழுத்திப் பார்த்துத் தேர்ந்த நண்டு கொஞ்சம் என்று வாங்கினார். காரலை ஏன் வாங்குகிறீர்கள், முள்ளாயிற்றே என்றேன். “இன்னைக்கு இதுதான் வந்திருக்கு. அத்தை தண்ணிக் குழம்பு வச்சா நீங்களே கேப்பீங்க” என்றார்.

அன்று மதியம் அந்தத் தண்ணிக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினேன். இவ்வளவு ஆண்டுகள் இந்த ஊரில் இருந்துகொண்டு, வெளியே சாப்பிடப் போனால் வஞ்சிரமும் நண்டும் தவிர வேறு மீன் இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன்.

சென்ற ஆவணியில் அண்ணன் மீண்டும் அழைத்தார். எங்கே சாப்பிடலாம் என்று அவர் கேட்பதற்கு முன்பே, எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று நான் கேட்டேன். வியாழன் என்றார். புதன்கிழமை படகு போய்த் திரும்பியிருக்கும், நல்லது என்று சொல்லிவிட்டு அக்காவிடம் ஆறு இலை சொன்னேன். பிள்ளைகள் எத்தனை, அவர்களுக்குக் காரம் குறைக்க வேண்டுமா, வயதானவர்கள் இருக்கிறார்களா, சோறு குழைய வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கவுனி ஊறப்போடட்டுமா என்றும் கேட்டார்.

நாங்கள் சரியாக ஒரு மணிக்குப் போனோம். நகரையை மஞ்சளும் மிளகாயும் மட்டும் தடவி வறுத்திருந்தார். காரல் தண்ணிக் குழம்பு, சுறாப்புட்டு, பிள்ளைகளுக்கென்று மிளகு போட்டு ஒரு நாட்டுக்கோழிப் பிரட்டல். நண்டு இல்லை. முந்தாநாள்தான் பௌர்ணமி, வந்த நண்டு எதுவும் கைக்குச் சரியாகப் படவில்லை, வாங்கவில்லை என்றார் அக்கா. நான் அண்ணியைப் பார்த்தேன். சுறாப்புட்டைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “அப்ப நண்டுக்கு எப்ப வரணும்க்கா?” என்று கேட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அடுத்த அமாவாசையை ஒட்டிய ஒரு செவ்வாய்க்கிழமையில் விரலை வைத்தார். அண்ணி அண்ணனைக் கேட்கவில்லை. அஞ்சு இலை எழுதிக்கங்க என்றார்.